ஏரிப் பாம்பும் கழிப் பாம்பும்

நீரில் வாழும் பாம்பெல்லாம் ஓரினமே என்பது பலர் எண்ணம். அஃது உண்மையன்று. செங்கற்பட்டுக் கொளவாய் ஏரி போன்ற நன்னீர் நிலைகளில் தவளையும் மீனும் தேடித் திரியும் நீர்க்கோலி முட்டையிடுவது, நஞ்சற்றது. மாமல்லபுரக் கரையை ஒட்டிய உவர்க்கழிகளின் சேற்றில் மறைந்து மீன் பிடிப்பதோ வேறு குடும்பத்தது.

அக்குடும்பத்தைச் சேற்றுப்பாம்புக் குடும்பம் என்னலாம். மூக்குத்துளை தலையின் மேற்புறம் அமைந்து நீருள் அடைபடுதல், குட்டி ஈனுதல், மேல்வாயின் பின்புறத்தே நச்சுப்பல் உடைமை ஆகியன அதன் இலக்கணமாம். அதனுள் நன்னீர்க்குரியனவும் உள. அவற்றுள் ஒன்று வட இந்தியச் சமவெளியிலும், மற்றொன்று கேரளத்து வயல்களிலும் வாழ்கின்றன.

நம் கழிப்பாம்பிற்கு 1799இல் பெயரிட்டவர் ஷ்னைடர் என்னும் ஜெர்மானிய அறிஞர். ஆஸ்திரேலியா வரை பரவிய ஓரினமென நெடுநாள் கருதப்பட்ட அதனை, 2012இல் ஆய்வாளர் பல இனங்களாகப் பகுத்தனர். இந்தியக் கரையில் வாழ்வதே பழம்பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இப்பகுப்பு ஏட்டளவில் நிற்பதன்று. வலையில் சிக்கிய கழிப்பாம்பைக் கடற்பாம்பென மயங்கிக் கொல்வாருளர். கடற்பாம்பின் வால் துடுப்பெனத் தட்டையானது. அதன் நஞ்சு உயிர்போக்கும். கழிப்பாம்பின் வாலோ கூம்பி முடிவது. அதன் நஞ்சு மக்கள் உயிர்க்கு ஊறு செய்வதன்று. ஆயினும் இன்ன பாம்பெனத் தெளியாது கடியுண்டவர் மருத்துவரை விரைந்து நாடுக. தெளிந்தவர் அவ்வெளிய உயிரைச் சேற்றிலேயே விடுக.