ஓட்டுப் போட ஆளில்லாத ஊர்

குஜராத்தின் போர்பந்தரிலிருந்து நேர் தெற்கே கப்பல் விட்டால் எங்கே போய்ச் சேருவோம்? மாலத்தீவு இடப்பக்கம் ஒதுங்கிவிடும். நிலநடுக்கோட்டைத் தாண்டியும் கரை தட்டுப்படாது. கடைசியில் 49 டிகிரி தெற்கில், பனி போர்த்திய மலையோடு ஒரு நிலம் எதிர்ப்படும். அதுதான் கெர்கலென். இருப்பது இந்தியப் பெருங்கடலில், சொந்தம் பிரான்சுக்கு.

வரைபடத்தில் புள்ளியாகத் தெரிகிறதே என்று குறைத்து எடைபோட வேண்டாம். பெரிய தீவு ஒன்று, சுற்றிலும் 300-க்கு மேற்பட்ட குட்டித் தீவுகள், மொத்தம் 7,215 சதுர கிலோமீட்டர். எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உண்டான நிலம் இது. பனியாறுகள் அதைக் கீறிக் கிழித்துவிட்டதால், தீவுக்குள் எங்கே நின்றாலும் 20 கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடும். உச்சி 1,850 மீட்டர். மரம் ஒன்றுகூடக் கிடையாது. காற்று மட்டும் ஓய்வதே இல்லை.

அந்தக் காற்று என்ன செய்யும் என்பதற்குக் கெர்கலென் முட்டைக்கோஸ் ஒன்றே சாட்சி. பறந்து வரும் பூச்சியை நம்பினால் அங்கே காய் பிடிக்காது. எனவே மகரந்தத்துக்குக் காற்றையே நம்பியிருக்கிறது. பூவில் பெரும்பாலும் இதழே இருக்காது. அதன் இலையிடுக்கில் வாழும் ஈக்கும் சிறகில்லை. ஸ்கர்வி நோய்க்கு அஞ்சிய மாலுமிகள் இந்த இலையைத் தின்றுதான் தப்பித்தார்கள். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த பிரிட்டிஷ் குழு முயல்களைக் கொண்டுவந்து விட்டது. அவை பெருகிக் கோஸை மேய்ந்து தீர்த்தன. இன்று முயல் எட்டாத பாறைகளிலும் முயல் இல்லாத தீவுகளிலும்தான் அது செழித்து நிற்கிறது.

சரி, இப்படிப்பட்ட இடத்தை யார் ஆள்வது? 1772-இல் இதைக் கண்ட கடற்படை அதிகாரி கெர்கலென், வளமான தென் கண்டத்தையே கண்டுபிடித்துவிட்டதாக மன்னர் பதினைந்தாம் லூயியிடம் சொன்னார். இரண்டாவது பயணத்தில் குட்டு வெளிப்பட்டது. பிறகு நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த தீவை 1924-இல் மடகாஸ்கர் நிர்வாகத்தோடு சேர்த்தார்கள். 1955-இல் தனிச் சட்டம் போட்டு, இன்னும் சில தீவுகளோடும் அண்டார்டிக்காவின் ஒரு துண்டோடும் இணைத்துத் தனி நிலப்பகுதி ஆக்கினார்கள்.

அங்கே மேயர் இல்லை, தேர்தல் இல்லை. நிரந்தரக் குடி என்று ஒருவர்கூட இல்லாதபோது யார் ஓட்டுப் போடுவது? பாரிஸ் நியமிக்கும் உயர் அதிகாரிதான் நிர்வாகி. நம் ஊர்க் கலெக்டர் போன்ற பதவி. ஆனால் அவருடைய அலுவலகம் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், ரீயூனியன் தீவில் இருக்கிறது. கெர்கலெனில் அவருடைய ஆளாக ஒரு தலைமை அதிகாரி, போர்-ஓ-ஃபிரான்ஸே என்ற முகாமில் தங்கியிருப்பார். அவரோடு டாக்டர், சமையல்காரர், தபால்காரர், வானிலைக்காரர்கள், விஞ்ஞானிகள். குளிர்காலத்தில் ஐம்பது பேர் அளவில் இருப்பார்கள். கோடையில் நூறைத் தாண்டும். விமானத் தளம் கிடையாது. ஆண்டில் சில முறை வரும் 'மரியோன் டுஃப்ரேன்' கப்பல்தான் ஆளையும் அரிசியையும் கடிதத்தையும் கொண்டுவர வேண்டும்.

இத்தனை செலவு எதற்கு என்றால், விடை கரையில் இல்லை, கடலில் இருக்கிறது. 1978-இல் பிரான்ஸ் இந்தத் தீவுகளைச் சுற்றி 200 கடல் மைல் வரை, மீன்பிடி உரிமை தனக்கே உள்ள பொருளாதார மண்டலம் அறிவித்தது. அந்தக் கடலின் ஆழத்தில் டூத்ஃபிஷ் என்ற விலையுயர்ந்த மீன் கிடைக்கிறது. யார், எவ்வளவு பிடிக்கலாம் என்று அளவு வைத்து உரிமம் கொடுக்கிறார்கள். அந்தக் கட்டணம் நிர்வாகத்துக்கு முக்கியமான வரும்படி. 1990-களில் திருட்டுப் படகுகள் படையெடுத்தபோது கடற்படையையே இறக்க வேண்டியிருந்தது. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. குறைந்த கூலிக்கு வெளிநாட்டு மாலுமிகளை வைத்துக்கொள்ள வசதியாக, 1980-களின் பிற்பகுதியிலிருந்து பிரெஞ்சு வணிகக் கப்பல்களைக் கெர்கலென் பெயரில் பதிவு செய்தார்கள். போர்-ஓ-ஃபிரான்ஸேவைக் கண்ணால் பார்த்தே இராத கப்பல்களும் அதைச் சொந்தத் துறைமுகமாகக் காட்டிக்கொண்டு உலகைச் சுற்றின. 2005-இல்தான் வேறு பதிவேடு வந்தது.

நிலத்தையும் கடலையும் சேர்த்து 2006-இல் இயற்கைக் காப்பகம் ஆக்கினார்கள். 2019-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. காப்பகத்துக்குக் காவல் வைப்பதும் அரசின் இருப்புக்குச் சான்றுதான்.

ஆளில்லாத பாறைத் தீவுக்காக இரண்டு நாடுகள் மல்லுக்கட்டுகின்றன என்று செய்தி வந்தால், தீவின் பரப்பளவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அதைச் சுற்றி 200 கடல் மைலுக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். சண்டை எதற்கென்று புரிந்துவிடும்.