உங்கள் பிள்ளை மரதன் ஓடப் போகிறதா?

"உம்மா, நாளைக்கு மரதன். ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்தில் நிற்க வேணும்."

ஆண்டின் முதல் தவணையில் இந்த வார்த்தையைக் கேட்காத வீடு நம்மிடையே குறைவு. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னோடியாக வருவது மரதன் ஓட்டம். நீங்களும் அடுப்படியில் நின்றபடி, "சரி மகன், பார்த்து ஓடு" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கிறீர்கள். ஓடிவிட்டு வியர்க்க வியர்க்க வீட்டுக்கு வருவான், அவ்வளவுதானே என்பது நம் எண்ணம்.

சகோதரியே, அவ்வளவுதானா? கொஞ்சம் நின்று யோசிப்போம்.

நாரந்தனைப் பக்கத்துப் பாதையை மனத்தில் கொண்டு வாருங்கள். ஊர்காவற்றுறையிலிருந்து வேலணை வழியாக யாழ்ப்பாணம் போகும் பாதையை அண்டிய ஊர் அது. வெட்ட வெளி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனைகள். பனையின் நிழல் ஒரு பிள்ளையின் தலையை மறைக்கக்கூடப் போதாது. உப்பேறிய கிணறுகள் மலிந்த தீவு என்பதால், வழியில் தாகம் எடுத்தால் கண்ட கிணற்றில் அள்ளிக் குடிக்கவும் முடியாது. இப்படியான பாதையில் காலை பத்து மணி வெயிலில் பிள்ளைகளை ஓட விட்டால் என்ன ஆகும்? நாரந்தனையிலும் நயினாதீவிலும் சோனகதெருவிலும் புத்தளத்திலும் இருக்கிற தாய்மார் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

திருக்கோவிலில் நடந்தது

2024 மார்ச் மாதம் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில் ஒரு பள்ளிக்கூட மரதன் நடந்தது. அதில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உடல் சோர்ந்து வைத்தியசாலைக்குக் கொண்டு போகப்பட்டு, அங்கே உயிர் இழந்தான். நாடெங்கும் வெயில் கொளுத்திய நாட்கள் அவை. ஊர் மக்கள் வீதியில் இறங்கி நியாயம் கேட்டார்கள். வெயில் கடுமையாக இருக்கும்போது பிள்ளைகளைத் திறந்தவெளி விளையாட்டில் ஈடுபடுத்த வேண்டாம் என்ற அறிவுறுத்தல் கல்வித் துறையிலிருந்து பள்ளிக்கூடங்களுக்குப் போனதும் அந்தக் காலப் பகுதியில்தான்.

குற்றம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. காலையில் ஓடப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை. இதைவிடப் பெரிய செய்தி ஒரு தாய்க்கு வேறு என்ன இருக்கிறது?

அப்படியானால் மரதனே வேண்டாம் என்பதா? இல்லை. உலகத்தின் பெரிய நகரங்களில் பல்லாயிரம் பேர் ஒரே நாளில் ஓடுகிறார்கள். மிகப் பெரும்பாலானோர் நலமாக வீடு திரும்புகிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

தீவிலிருந்து தொடங்கும் ஓட்டம்

முழு மரதனின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட தூரம் இது. 1921இல் எல்லாருக்கும் பொது அளவாக்கப்பட்டது. ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போய், நடந்தே திரும்பியும் வந்தால் எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த அளவுக்குக் கிட்ட வரும்.

நியூயோர்க் நகரத்து மரதன் 1970இல் ஒரு பூங்காவுக்குள் தொடங்கியது. அன்று பதிந்தவர்கள் 127 பேர். ஓடி முடித்தவர்கள் 55 பேர்தான். இன்று அதே ஓட்டத்தை 50,000க்கும் மேற்பட்டோர் ஓடி முடிக்கிறார்கள். நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. அந்த ஓட்டம் ஸ்டேட்டன் என்ற தீவில் தொடங்கி ஒரு நெடும் பாலத்தைக் கடந்துதான் நகரத்துக்குள் போகிறது. பண்ணைப் பாலம் கடந்து பட்டணம் போகும் தீவார் நமக்கு அது புதிதல்லவே!

ஓடுகிறவர்கள் விடியுமுன்பே படகிலும் பஸ்ஸிலும் அந்தத் தீவுக்கு வந்துவிட வேண்டும். நவம்பர் குளிரில் மணிக்கணக்காகக் காத்திருப்பார்கள். அதற்காகவே பழைய உடுப்பைப் போட்டு வந்து, ஓட்டம் தொடங்கும்போது கழற்றிப் போடுவார்கள். அவற்றைச் சேர்த்தெடுத்து நன்கொடையாகக் கொடுக்கவும் ஓர் ஏற்பாடு இருக்கிறது.

ஐம்பதினாயிரம் பேரை ஒரே நேரத்தில் விட்டால் நெரிசலிலேயே ஆள் விழுந்துவிடும். அதனால் வேகத்தின்படி பிரித்து, அணி அணியாக விடுகிறார்கள். ஒவ்வொருவருடைய மார்பிலும் ஓர் இலக்கத் தாள். அதோடு ஒட்டியிருக்கும் சிறு மின்னணு வில்லை, அவர் எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடந்தார் என்று பதிந்துவிடும். ஆள் காணாமல் போனால் எந்த இடத்துக்குப் பிறகு காணவில்லை என்று அறியலாம். சில கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேசை, வழியெங்கும் மருத்துவக் கூடாரம், கடைசியில் பின்தங்கியவர்களை ஏற்றிவர ஒரு வண்டி. இதற்கெல்லாம் கூலி வாங்காமல் நிற்கும் தொண்டர்கள் பத்தாயிரத்துக்கும் அதிகம்.

நம் பக்கத்திலேயே சென்னையைப் பாருங்கள். அண்மைக் காலமாக ஜனவரி மாதத்தில் அங்கே பெரிய மரதன் நடக்கிறது. மார்கழி, தை என்றாலும் சென்னையின் புழுக்கத்தை ஏற்பாட்டாளர்கள் அறிவார்கள். அதனால் முழு மரதனை விடியலுக்கு முன், இருட்டிலேயே தொடங்கி வைக்கிறார்கள். வெயில் ஏறுமுன் பெரும்பாலான தூரம் கழிந்துவிடும்.

ஓடியவர்கள் பேசுவதைக் கேட்டால், முதல் பத்துக் கிலோமீட்டர் பெருநாள் போல இருந்தது என்பார்கள். முப்பதைத் தாண்டும்போது காலில் கல்லைக் கட்டியது போல ஆகிவிடுமாம். உடம்பு சேர்த்து வைத்திருந்த மாச்சத்து தீர்ந்துவிடுவதே காரணம். அந்த நேரத்தில் ஒரு குவளைத் தண்ணீரையும் ஒரு துண்டுத் தோடம்பழத்தையும் நீட்டிய முன்பின் அறியாத ஒருவரின் முகத்தை அவர்கள் நெடுங்காலம் மறப்பதில்லை.

பெரிய நகரங்களும் தவறின

எல்லா ஏற்பாடும் இருந்தும் தவறு நேர்ந்த கதைகள் உண்டு. நமக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

2007 ஒக்டோபர் 7ஆம் திகதி சிக்காகோ மரதன். இலையுதிர் காலம், குளிராக இருக்கும் என்று நம்பியிருந்தார்கள். அன்று வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டியது. முதலில் போனவர்கள் குடித்ததோடு தலையிலும் ஊற்றிக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்கள் சில மேசைகளில் தண்ணீர் கிடைக்கவில்லை என்று முறையிட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள். ஓடிய ஒருவர் இறந்தார். அவருக்கு இதயக் கோளாறு இருந்ததாகப் பிறகு தெரிந்தது. மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். இன்று அந்த ஓட்டத்தில் பாதையெங்கும் நிறக் கொடி பறக்கிறது. பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் வேகத்தைக் குறை, கறுப்பு என்றால் நிறுத்து. எழுத்தறியாதவருக்கும் விளங்கும் ஏற்பாடு!

நம்மில் பலருக்கு வியப்பைத் தரும் மற்றொரு செய்தி. 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் 28 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். காரணம் தாகமல்ல, அளவுக்கு மீறிக் குடித்தது. உடம்பில் நீர் மிகுந்து இரத்தத்தில் உப்பு குறைந்துவிட்டால் மூளை வீங்கிவிடும். அதே ஓட்டத்தில் ஓடிய 488 பேரின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு உப்பு குறைந்திருந்தது. ஆகவே, "குடி, குடி" என்று பிள்ளையின் வாயில் புகட்டுவதும் பிழை. தாகத்துக்குக் குடிக்கட்டும். அதுவே அளவு.

பெண்ணுக்கு ஆகாது என்றார்கள்

"மகளுக்கு எதற்கு ஓட்டம்?" என்று கேட்கும் வீடுகளும் உண்டு. இந்தப் பேச்சு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. நெடுந்தூரம் ஓடினால் பெண்ணின் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று மேல்நாட்டிலும் ஒரு காலம் சொன்னார்கள். 1967இல் கத்ரின் சுவிற்சர் என்ற பெண், தன் பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் கொடுத்துப் பதிந்து, பொஸ்டனில் 261ஆம் இலக்கத்தோடு ஓடினார். ஓட்ட அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அந்த இலக்கத் தாளைப் பறிக்கப் பார்த்தார். அவரோ ஓடி முடித்தார். பொஸ்டன் ஓட்டம் பெண்களுக்கு முறைப்படி திறந்தது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மரதன் வந்தது 1984இல்தான்.

நம் சமுதாயத்துப் பெண் ஒருவரின் வாழ்க்கையையும் கேளுங்கள். சிஃபான் ஹசன் எத்தியோப்பியாவில் பிறந்தவர். 2008இல், பதினைந்து வயதில், அகதியாக நெதர்லாந்து போய்ச் சேர்ந்தார். தாதிப் பயிற்சிக்குப் படித்துக்கொண்டே ஓடிப் பழகினார். 2023 ஏப்ரல் 23ஆம் திகதி லண்டனில் தம் முதல் மரதனை ஓடினார். நடுவழியில் இடுப்பு வலியால் நின்று நின்று, பின்தங்கி, மறுபடி ஓடி முதலாவதாக வந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் மரதனில் 2 மணி 22 நிமிடம் 55 விநாடியில் தங்கம் வென்று, பதக்கம் வாங்கும் மேடையில் ஹிஜாபோடு நின்றார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. லண்டன் ஓட்டத்துக்கு முந்திய மாதம் ரமழான். நோன்போடுதான் பயிற்சி செய்தார். ஆனால் ஓட்டம் நடந்ததோ பெருநாள் கழிந்த பிறகு. உலகமே அறிந்த வீராங்கனைக்கும் அப்படி என்றால், நம் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நோன்போடு பகல் வெயிலில் போட்டி ஓடலாமா? இந்த ஆண்டுகளில் ரமழானும் விளையாட்டுப் போட்டிக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. அதிபரிடம் போய், "ஐயா, பிள்ளை நோன்பு. இந்த ஓட்டத்தை வேறு நாளுக்கு வையுங்கள், அல்லது பிள்ளையை விட்டுவிடுங்கள்" என்று சொல்ல நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

கேட்டுப் பாருங்கள்

மரதன் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஆசிரியரிடம் இவற்றைக் கேளுங்கள்.

ஓட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கும்? விடிந்தவுடன் என்றால் நல்லது. விருந்தினர் வரத் தாமதமானால் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைப்பார்களா?

வழியில் எத்தனை இடத்தில் தண்ணீர் இருக்கும்? யார் நிற்பார்கள்?

கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஒருவர் வருவாரா? போனவர்களையும் வந்தவர்களையும் எண்ணிப் பார்ப்பார்களா?

பிள்ளை விழுந்தால் எந்த வாகனத்தில், எந்த வைத்தியசாலைக்கு? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும் என்பது எல்லாருக்கும் தெரியுமா?

நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. இழைப்பு, இதயக் கோளாறு, ஓடும்போது மயங்கி விழுந்த பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சலோ வயிற்றோட்டமோ கண்டு எழும்பிய பிள்ளையை அனுப்ப வேண்டாம். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்து, பதினான்கு நாள் வேண்டும். அதனால் இரண்டு வாரம் முன்பிருந்தே சிறிது சிறிதாக ஓடிப் பழகட்டும். வெறும் வயிற்றோடும் விடாதீர்கள். நிறைத்து ஊட்டியும் விடாதீர்கள்.

ஓடும் பிள்ளை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், அது வெப்பம் மூளையைத் தாக்கும் அடையாளமாக இருக்கலாம். வியர்த்துக்கொண்டிருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். மருத்துவர்கள் சொல்லும் விதி இது: முதலில் குளிரச் செய், பிறகு கொண்டு போ. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். அதற்குள் அம்புலன்சுக்குச் சொல்லுங்கள். நினைவு தடுமாறிய பிள்ளைக்கு வாயில் தண்ணீரோ ஜீவனியோ ஊற்ற வேண்டாம்; புரைக்கேறிவிடும்.

நாம் நிற்கலாமே!

"இதற்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை, காசு இல்லை" என்று பதில் வரலாம். உண்மையாகவே இருக்கலாம். அப்போது நாம் என்ன செய்வது?

சகோதரியே, ஒரு வலிமா விருந்துக்கு ஐம்பது சஹன் வைக்கத் தெரிந்தவர்கள் நாம். யார் எங்கே இருப்பது, எந்தப் பக்கம் கறி குறைகிறது, எந்தப் பிள்ளை இன்னும் சாப்பிடவில்லை என்று கண்ணாலேயே கணக்கெடுப்பவர்கள். நியூயோர்க்கில் பத்தாயிரம் தொண்டர்கள் செய்வதும் அந்த வேலைதானே! பவுசர் தண்ணீரில் இரண்டு வாளி, நாலு குவளை, ஒரு பாய், ஒரு விசிறி. அவரவர் வீட்டு வாசலில் இவற்றோடு ஒரு தாய் நின்றால், நாரந்தனைப் பாதை போன்ற எந்தப் பாதையும் பிள்ளைகளுக்கு வெட்ட வெளியாக இராது.

உங்கள் பிள்ளை முதலாவதாக வந்தால் சந்தோஷம். கடைசியாக வந்தாலும் சந்தோஷம்தான். ஓடும் பிள்ளைகள் எல்லாரும் நம் பிள்ளைகள் என்று எண்ணி, கடைசிப் பிள்ளையும் கடந்து போகும் வரை வாசலில் நில்லுங்கள்.