மருதாணி வேலியில் ஒரு விருந்தாளி

பணி ஓய்வுக்குப் பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று சங்கக் கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். "ஒரு பச்சோந்தியிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறேன்" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சொன்னது உண்மை.

2020-இல் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று இங்கே நாக்பூரிலேயே தங்கிவிட்டோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை, இரண்டு கறிவேப்பிலை, ஓரமாக மருதாணி வேலி. 2024 ஆவணியில் ஒரு காலை, வேலைக்கார அம்மாள் "கிர்கிட்! கிர்கிட்!" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். அது விஷத்தைத் துப்பும், உடனே அடிக்க வேண்டும் என்றாள். என் மனைவியும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அதையே சொன்னாள். பச்சோந்திக்கு விஷமே கிடையாது. இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

எனக்கு வேறு ஒரு ஞாபகம் வந்தது. கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் கிராமம் எங்களுடையது. அங்கே ஓணான் அடிக்காத பையன் கிடையாது. இராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அந்தப் பழியைத் தீர்க்க நாங்கள் கல்லை எடுத்தோம். பிடிபட்டதன் வாயில் மூக்குப்பொடி போட்டு ஆட வைப்பதும் உண்டு. ஒரு நாள் கருவேல மரத்தில் நாங்கள் பார்த்தது ஓணான் அல்ல, பச்சோந்தி. ஓணான் என்றால் ஓடித் தப்பிக்கும். இதற்கு ஓடத் தெரியாது. கிளையைப் பிடித்தபடி ஒரு கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. முதல் கல் என்னுடையது. அப்போது எனக்குப் பத்து வயது.

ஆகவே இதை அடிக்க விடவில்லை. ஆனால் நானும் ஒரு தவறு செய்தேன். புனேயிலிருந்து வந்திருந்த பேரனுக்குக் காட்ட வேண்டும் என்று கிளையிலிருந்து அதை அப்படியே பறித்து எடுத்தேன். பச்சையாக இருந்தது நொடியில் கறுத்தது. தொண்டையை உப்பி, வாயைப் பிளந்து, பாம்பு போலச் சீறியது. பேரன் அழுதுவிட்டான். திரும்ப வேலியில் விட்டேன். ஒன்பது நாள் கண்ணிலேயே படவில்லை.

பிறகுதான் புத்தகங்களைப் புரட்டினேன். வேலையைக் கெடுத்துவிட்டு விதிமுறையைப் படிப்பது என் பழைய வழக்கம். காகம், செம்போத்து, வல்லூறு என்று இதன் எதிரிகள் பலவும் மேலிருந்து வருகின்றன. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பறவையின் கால்தான். வெளிக்காது கிடையாது, கிளையின் அதிர்வில் ஆள் வருவதை அறிந்துகொள்கிறது. தண்டவாளத்தில் காது வைத்து வண்டி வருகிறதா என்று பார்த்த நமக்கு இது புரியாததல்ல. நிறம் மாறுவதும் இருக்கும் இடத்தோடு ஒளிந்துகொள்ள மட்டும் அல்லவாம். பயம், கோபம், சூடு, குளிர் எல்லாம் தோலில் தெரியும். குளிர்ந்த காலையில் வெயிலை வாங்கிக்கொள்ள ஒரு பக்கத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தோலில் உள்ள நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் மடகாஸ்கர் இனம் ஒன்றில் கண்டுபிடித்தார்கள்.

பழுது பார்த்த பாதையில் முதல் வண்டியை எப்படி விடுவோம்? காஷன் ஆர்டர் கொடுத்து, ஊர்ந்து போகச் சொல்லி, நாளுக்கு நாள் வேகத்தைக் கூட்டுவோம். அதே முறையை எடுத்துக்கொண்டேன். தினமும் காலை 8 மணி, அதே வெள்ளை பனியன், அதே பிளாஸ்டிக் நாற்காலி. முதல் நாள் 15 அடி தூரம். கையில் ஒரு நோட்டு. அது கிளையின் மறுபக்கத்துக்கு நழுவி, உடம்பைத் தட்டையாக்கி, கண்ணை மட்டும் வெளியே நீட்டினால் பயம் என்று அர்த்தம். அன்றைக்கு ஓர் அடி பின்னால் போய்விடுவேன். நகராமல் இருந்தால் மறுநாள் அரை அடி முன்னேற்றம். நடுவில் இலைகளில் தண்ணீர் தெளித்து வைப்பேன். கிண்ணத்து நீரை அது சீந்தாது; இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். "ஆபீசுக்குக்கூட இவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை" என்றாள் மனைவி. அது அபாண்டம்.

34-ஆம் நாள், 4 அடி தூரம். அதுவரை ஒரு கண் என்மேலும் மற்றது எங்கோ சுழன்றுகொண்டும் இருக்கும். அன்று இரண்டு கண்களும் என்னை விட்டுவிட்டு, ஓர் இலைமேல் இருந்த வெட்டுக்கிளியில் குவிந்தன. தன் உடம்பைவிட நீளமான நாக்கு போய் வந்ததை நான் பார்க்கவே இல்லை; வெட்டுக்கிளி காணாமல் போனதைத்தான் பார்த்தேன். பயந்த பிராணி சாப்பிடாது. எனக்குக் கிடைத்த சான்றிதழ் அதுதான்.

இன்னும் சில நாள் கழித்து, அது நடந்து வரும் கிளைக்கு முன்னால், கீழ்ப்பக்கமாக, கையை நீட்டி வைத்தேன். தொடவில்லை. கால் மணி நேரம் யோசித்தது. பிறகு ஒரு காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கி போல அமைந்த பாதம். அந்தப் பிடி உலர்ந்து, சில்லென்று இருந்தது. என் கையைக் கடந்து அடுத்த கிளைக்குப் போய்விட்டது. அதற்கு என்மேல் அன்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆபத்தில்லாத பொருள்களின் பட்டியலில் என்னைச் சேர்த்துக்கொண்டது, அவ்வளவே.

போனில் பேரன், "கூண்டு வாங்கி வளர்க்கலாமா தாத்தா?" என்றான். இந்தியாவில் இயற்கையாக உள்ள பச்சோந்தி இனம் இது ஒன்றுதான். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றம். சட்டத்தைச் சொன்னேன். "அப்போ அது நம்ம வீட்டுது இல்லையா?" என்று கேட்டான். வேலி நம்முடையது என்றேன்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை அது தரைக்கு இறங்கியது. துணிக்கொடிக்குக் கீழே மண்ணைத் தோண்டத் தொடங்கியதும்தான் பெண் என்று எனக்குத் தெரிந்தது. முட்டையிடத்தான் தரைக்கு வந்திருக்கிறது. மரத்தைவிட்டு இறங்கிய பச்சோந்திக்கு நாய் போதும், பூனை போதும். நாற்காலியை 8 அடியில் போட்டு, கையில் கம்போடு உட்கார்ந்தேன். ஒரு கண்ணை என் பக்கம் திருப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. மாலை வரை தோண்டியது. இரண்டு முறை தெருநாயை விரட்டினேன். துணி எடுக்க வந்த வேலைக்கார அம்மாளைக் கதவருகிலேயே நிறுத்தி, என் மனைவி இந்தியில் சொன்னாள்: "பிள்ளைத்தாய்ச்சி. இன்றைக்கு அந்தப் பக்கம் போகாதே."

எனக்கான காப்பியை வைத்துவிட்டு அவளும் சற்று நேரம் நின்று பார்த்தாள். இருட்டும்போது குழியை மூடி, மண்ணைக் காலால் சமன்படுத்திவிட்டு, மெதுவாக மருதாணிக்குள் ஏறிப் போயிற்று.

இதை எழுதும்போது மாசி பிறந்துவிட்டது. அந்த இடத்தைச் சுற்றி நான்கு செங்கல் வைத்திருக்கிறேன். துணிக்கொடியை மனைவி சுவரோரமாக மாற்றிக் கட்டிக்கொண்டாள்.