குழாய்க்கு ஒரு தோல் வில்லை

ஊர் அடங்கின பிறகுதான் சமையலறைக் குழாய்க்குப் பேச்சு வரும். 'டொக்... டொக்...' என்று விடிய விடிய அது பேசுவதைக் கேட்டுப் புரண்டு படுக்காத இல்லத்தரசி உண்டா? அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, "நாளைக்கு ஆள் வரட்டும்" என்கிறோம். அந்த நாளை வந்தால்தானே!

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. நாலாயிரம் சொட்டுக்கு ஒரு லிட்டர் என்று வைத்தாலும் 21 லிட்டருக்கு மேல் ஆகிறது. 2019-ஆம் வருஷம் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது லாரிக்குக் காத்து நின்றவர்களைக் கேளுங்கள், ஒரு குடத்தின் அருமை என்னவென்று!

திருகுக் குழாயின் வயிற்றுக்குள், தண்டின் அடியில், ஒரு சிறு தகடு இருக்கிறது. அதன் முகத்தில் ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறியதாக ஒரு 'வாஷர்'. குழாயை மூடும்போது அதுதான் துவாரத்தின் விளிம்பில் அழுந்தி நீரை நிறுத்துகிறது. நாளடைவில் அது இறுகி, வட்டமாகப் பள்ளம் விழுந்துவிடும். பிறகு பலங்கொண்ட மட்டும் திருகினாலும் பள்ளம்தான் ஆழமாகும், சொட்டு நிற்காது.

அதற்கு மாற்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: பழைய தோல் செருப்பின் அடிப்பாகம். அந்தக் காலத்தில் குழாய்களுக்குத் தோல் வாஷர்தான் போட்டார்கள். சைக்கிள் டியூப் ரொம்ப மெல்லிசு. ஸ்பாஞ்சு ரப்பரோ நசுங்கிவிடும்.

முதலில் தொட்டியிலிருந்து குழாய்க்கு வரும் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து, மிச்ச நீரை வடிய விட்டு, பாதி திறந்தபடியே வையுங்கள். தலைப்பாகத்தில் துணி சுற்றி, ஸ்பானரால் இடப்புறமாகத் திருகினால் கழன்று வரும். தேய்ந்த வாஷரை அளவாகக் கொள்ளாதீர்கள். அது நசுங்கிப் பரந்திருக்கும். தகட்டையே தோல்மேல் வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்கு உள்ளே வெட்டுங்கள். பெரிதானால் உள்ளே சிக்கிக்கொள்ளும். கனம் பழையதைப் போலவே, சுமார் மூன்று மில்லிமீட்டர் இருக்கட்டும். நடுத் துவாரம் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கலாம். நீரில் ஊற வைத்துப் பொருத்துங்கள்.

அப்படியும் சொட்டினால், துவாரத்தின் விளிம்பே அரித்திருக்கிறது என்று பொருள். ஆளைத்தான் அழைக்க வேண்டும். கால் சுற்றில் மூடும் புதுமாதிரிக் குழாய்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. வெந்நீர்க் குழாய்க்குத் தோல் ஆகாது.

இன்னொன்று. குழாயை ஜெயித்த தைரியத்தில் குக்கரிடம் போய்விடாதீர்கள்! வெயிட்டின் துவாரம் அடைபட்டால், அளவுக்கு மீறின சூட்டில் உருகி ஆவியை வெளியே விடுவதற்கென்றே மூடியில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. அந்த இடத்தை ஆணியாலோ பசையாலோ அடைத்தால், அடுப்பில் வெடிகுண்டை ஏற்றி வைத்த மாதிரிதான். கையால் செய்த வாஷர் தோற்றால் தரைதான் நனையும். கையால் செய்த வால்வு தோற்றால் ஆளுக்கே ஆபத்து. அதைக் கம்பெனிச் சாமானாகவே வாங்குங்கள்.

தோலை வெட்டும்போது இரண்டாகவே வெட்டி, ஒன்றைத் தையல் டப்பாவில் போட்டு வையுங்கள். பின்கட்டுக் குழாயும் சீக்கிரமே பேச ஆரம்பிக்கும்!