பழைய காரை நிறுத்திப் பார்ப்போமா?

மோரிஸ் மைனர் காரைப் பார்த்திருக்கிறீர்களா? 1948-இல் இங்கிலாந்தில் அறிமுகமான, உருண்டையான சின்னக் கார். தாத்தா காலத்தில் நம் சாலைகளிலும் ஓடியது. அதைப் பழுதுபார்த்து முடித்ததும் உடனே ஓட்டத்தான் ஆசை வரும். ஆனால், அது ஒழுங்காக நிற்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கார் நகருமுன்பே சோதனை தொடங்கிவிடும். பிரேக் மிதியை அழுத்தி அரை நிமிடம் அப்படியே வைத்திருப்பார்கள். மிதி மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ பிரேக் எண்ணெய் கசிகிறது என்று பொருள். இன்றைய கார்களில் அந்த எண்ணெய்க்கு இரண்டு தனிப் பாதைகள் உண்டு; ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும். மோரிஸ் மைனரில் இருப்பது ஒரே பாதை. ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும்! மிஞ்சுவது, கம்பிவடத்தால் பின்சக்கரங்களைப் பிடிக்கும் ஹேண்ட்பிரேக் மட்டுமே. அதனால் அதையும் முதலிலேயே சோதித்துவிடுவார்கள்.

பிறகு, ஆளில்லாத திடலில் 20 கிலோமீட்டர் வேகம். பிரேக் போடும்போது கார் இடப்பக்கம் இழுக்கிறதா? வலப்பக்க டிரம்முக்குள் எண்ணெயோ கிரீஸோ கசிந்து உராய்வைக் குறைத்திருக்கலாம்.

வேகத்தைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். காரின் எடை 750 கிலோகிராம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 26,000 ஜூல். 60 கிலோமீட்டரில்? இருமடங்கு அல்ல, நான்கு மடங்கு: 104,000 ஜூல். பிரேக் இதை வெப்பமாக மாற்றியாக வேண்டும். அடுத்தடுத்து அழுத்தினால் டிரம் சூடேறி விரியும். உள்ளிருந்து அதை அழுத்தும் 'ஷூ' இன்னும் அதிக தூரம் நகர வேண்டிவரும். உராய்வும் குறையும். கேமரன் மலை இறக்கத்தில் இப்படி ஆனால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

சஸ்பென்ஷனுக்கும் பிரேக்குக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? சக்கரம் துள்ளித் தரையை விட்டு எழும் நொடியில், எவ்வளவு நல்ல பிரேக்கும் காரை நிறுத்தாது. காரின் முன்மூலையைக் கையால் அழுத்திவிட்டால், அது எழுந்து உடனே அமைதியாக வேண்டும். படகுபோல் ஆடிக்கொண்டே இருந்தால், அதிர்வைத் தணிக்கும் டேம்பர் தேய்ந்துவிட்டது. இந்தக் காரின் முன்பக்கத்தில் சுருள்வில் கிடையாது. முறுக்கிக்கொள்ளும் நீண்ட எஃகுத் தண்டுதான் வில். எனக்கு மிகவும் பிடித்த பாகம் அது.

கடைசியாக ஒன்று. முன்னோக்கிச் சுழலும் டிரம், முன்சக்கர ஷூக்களைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். பின்னோக்கி உருளும்போது அந்த உதவி கிடைக்காது. ஆகவே சிறு மேட்டில் காரைப் பின்னோக்கி மெல்ல உருளவிட்டு மிதியை அழுத்திப் பார்ப்பார்கள். கொஞ்சம் பலமாகவே அழுத்த வேண்டியிருக்கும்.