கொத்தனார் சாம்பியன் ஆன கதை

காலில் ரெண்டு நீளப் பலகையை மாட்டிக்கிட்டு பனிமலை மேலே இருந்து பாய்ந்து இறங்குற பந்தயத்தை டிவியில் பார்த்திருப்பீங்க. அதுதான் ஆல்பைன் பனிச்சறுக்கு. எல்லாரும் சேர்ந்து கிளம்ப மாட்டார்கள். ஒவ்வொருத்தராக இறங்க வேண்டும். குறைந்த நேரத்தில் வருபவருக்கே வெற்றி. நொடியை நூறாகப் பிரித்துக் கணக்குப் பார்ப்பார்கள்! 'டவுன்ஹில்' பந்தயத்தில் வேகம் மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டும். பஸ்ஸைவிட வேகம், ஆனா சுத்தி தகரம் கிடையாது.

ஆஸ்திரியாவின் ஹெர்மன் மையர் 1972-ல் பிறந்தவர். 15 வயசில், உடம்பு ஒல்லி, முட்டி சரியில்லை என்று பனிச்சறுக்குப் பள்ளியில் இருந்து அனுப்பிட்டாங்க. பிறகு கொத்தனார் வேலை பார்த்தார். குளிர்காலத்தில் மற்றவர்களுக்குச் சறுக்கச் சொல்லிக் கொடுத்தார்.

1996-ல் அவர் ஊரிலேயே உலகக் கோப்பைப் போட்டி. பந்தயத்துக்கு முன்னால் பாதையைச் சோதிக்க சிலரை இறக்கி விடுவார்கள். அதில் மையரும் ஒருவர். அவர் இறங்கிய நேரத்தைப் போட்டியோடு ஒப்பிட்டால் 12-வது இடம்! அதுக்கப்புறம்தான் அணியில் கூப்பிட்டாங்க.

1998 நாகனோ ஒலிம்பிக்கில் டவுன்ஹில்லில் காற்றில் பறந்து, வேலியை உடைச்சுக்கிட்டு விழுந்தார். மூணே நாளில் 'சூப்பர்-ஜி' பந்தயத்தில் தங்கம்! அடுத்து 'ஜெயண்ட் ஸ்லாலம்' பந்தயத்திலும் தங்கம்.

2001-ல் மோட்டார் சைக்கிள் விபத்து. காலையே எடுக்க வேண்டி வருமோ என்ற நிலைமை. ஆனால் 2003 ஜனவரியில் கிட்ஸ்பியூல் ஊரில் மறுபடி ஜெயிச்சார். ஒலிம்பிக் தங்கத்தைவிட இதுதான் பெரிசுன்னு எனக்குத் தோணுது. 2004-ல் நான்காவது முறையாக ஒட்டுமொத்த உலகக் கோப்பை. 2009-ல் ஓய்வு பெற்றபோது உலகக் கோப்பைப் பந்தயங்களில் அவர் கணக்கு 54 வெற்றி.