மாவிளக்கு மிதந்த ஆறு

1971, ஜூன் மாதம். லோனாவாலா தாண்டி ரயில் மலை இறங்கத் தொடங்கியதும் அம்மா என்னை ஜன்னலோரமாக இழுத்து உட்காரவைத்தாள். ஒரு குகை, கொஞ்சம் வெளிச்சம், மறுபடி குகை. வெளிச்சம் வந்த இடத்திலெல்லாம் பாறையிலிருந்து வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் இறங்கியது. கர்ஜத் தாண்டியபின் ஓர் ஆறு விட்டுவிட்டுக் கூடவே வந்தது. “அம்பாசமுத்திரம் மாதிரியே இருக்கு பாருட்டி” என்றாள். தாமிரபரணிக் கரையில் பிறந்து, கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, எட்டு வருஷம் கரிசல் மண்ணில் குடத்தோடு நடந்தவள் அவள். எனக்கு அப்போது ஏழு வயது.

அந்த ஆற்றின் பெயர் உல்லாஸ். சஹ்யாத்ரி மலையில் பிறந்து வசாய் கழிமுகம் வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது. நாங்கள் குடிவந்த ஊருக்கு உல்லாஸ்நகர் என்ற பெயர் அதனால் வந்தது. தாத்தா தன் கடிதங்களில் கடைசிவரை ‘உல்லாச நகர்’ என்றே எழுதினார். அவை ஒழுங்காக வந்து சேர்ந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது கல்யாணுக்குப் பக்கத்தில் ராணுவத்துக்காகப் போட்ட முகாம்தான் இந்த ஊரின் தொடக்கம். பிரிவினைக்குப் பிறகு சிந்துவிலிருந்து வந்த அகதிகள், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், அங்கிருந்த பேரக் என்ற ராணுவக் கொட்டடிகளில் குடிவைக்கப்பட்டார்கள். 1949 ஆகஸ்ட் 8 அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி வந்து நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார். இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் தெருப் பெயர் சொல்ல வேண்டாம், கேம்ப் ஒன்றா ஐந்தா என்று சொன்னால் போதும்.

அப்பாவுக்கு அம்பர்நாத்தில் தீப்பெட்டி ஆலையில் வேலை. உல்லாஸ்நகரிலிருந்து ஒரே ஸ்டேஷன். கேம்ப் நான்கில் ஒரு பேரக்கின் கடைசிப் பகுதியை வாடகைக்குப் பிடித்தார். நீளமான ஒரே கட்டடம், நடுநடுவே தடுத்து ஏழெட்டுக் குடும்பம். தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் எழும்பாது. இந்தப் பக்கம் அம்மா தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள்.

அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு சிந்திப் பெரியம்மா. சிந்தியில் அக்காவை தாதி என்பார்கள். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் தாதிதான். நாங்கள் பெட்டியை இறக்கிய அன்றே “அச்சோ, அச்சோ” என்று உள்ளே கூப்பிட்டு, ஆளுக்கொரு சுட்ட அப்பளமும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுத்தார். வந்தவருக்கு அப்பளமும் தண்ணீரும் கொடுப்பது அவர்கள் வழக்கம். அம்மா அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு சோற்றுக்காகக் காத்திருந்தாள்.

தாதி 1948இல் கராச்சியிலிருந்து கப்பலில் வந்தவர். சிந்து நதியில் அக்கரை கண்ணுக்குத் தெரியாது என்பார். இங்கே வந்து இறங்கியபோது தெற்கே ஒரு மலை, அதன் தலையில் மேகம், பேரக் வாசலில் முழங்கால் சேறு. “எங்கள் ஊரில் மழையே கிடையாது, மலையும் கிடையாது. இங்கே இரண்டும் ஒரே நாளில் கிடைத்தது” என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அந்த மலை மலங்கட். மேலே ஹாஜி மலங் தர்கா. மாக மாதப் பௌர்ணமித் திருவிழாவில் இந்து, முஸ்லிம் என்று பாராமல் கூட்டம் படியேறும். அம்மாவுக்கு அந்த மலைதான் பொதிகை. காலையில் கதவைத் திறந்ததும் அதைத்தான் பார்ப்பாள். மேகம் பாதி மலைக்கு இறங்கியிருந்தால் துவைக்க மாட்டாள்.

மழை என்றால் நான்கு மாதம். ஜூலையில் போர்வை காயாது, உப்பு கரையும், சுவரில் பூஞ்சை படரும். தீப்பெட்டி ஆலைக்காரர் வீட்டில் தீக்குச்சி நமுத்துப்போகும். அம்மா தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்துவைப்பாள். காலையில் அரிசியைக் கிளறி அதை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

அந்த ஆடியில் நடந்ததை எழுதத்தான் இவ்வளவும். செவ்வாய்க்கிழமை. அம்மா பச்சரிசி ஊறவைத்து இடித்து, வெல்லமும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழி செய்து நெய் விட்டு மாவிளக்கு ஏற்றினாள். வாசம் தடுப்பைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். தாதி ஓடி வந்தார். பார்த்தார். பேசாமல் திரும்பிப் போய் ஒரு தட்டை ஏந்தி வந்தார். அதில் கோதுமை மாவில் செய்த விளக்கு. நெய், திரி, பக்கத்தில் கற்கண்டு, ஏலக்காய், பழம். ஜூலை நடுவில் தொடங்கி நாற்பது நாள் சிந்திகள் ஜூலேலாலுக்கு விரதம் இருப்பார்கள். அவர் நீரின் தெய்வம். விளக்கைத் தண்ணீரில் விட்டால்தான் வழிபாடு முடியும். சிந்து நதி இல்லாத ஊரில் எந்தத் தண்ணீரில் விடுவது?

வால்துனியில் விட்டார்கள். ஸ்டேஷன் பக்கம் ஓடிய சின்ன ஆறு. அன்று அம்மாவும் தன் மாவிளக்கிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டு கூடப் போனாள். செம்மண் நிறத்தில் தண்ணீர் விறுவிறுவென்று போனது. தாதியின் விளக்கு கொஞ்ச தூரம் எரிந்துகொண்டே மிதந்தது. அம்மாவின் மாவு உடனே கரைந்தது. மீன்கள் மேலே வந்து தின்றதை நான் பார்த்தேன்.

வால்துனி மலைப் பக்கமிருந்து வருவது. காகோளே கிராமத்தருகே, நீராவி இன்ஜின்களுக்குத் தண்ணீர் எடுக்க வெள்ளைக்காரன் காலத்து ஜி.ஐ.பி. ரயில்வே தேக்கிய ஏரி ஒன்று இருக்கிறது. அங்கே இன்றும் தண்ணீர் தெளிவு. பிறகு 1060ஆம் ஆண்டின் கல்வெட்டுள்ள அம்பர்நாத் சிவன் கோயிலை உரசிக்கொண்டு ஓடுகிறது. அதற்கப்புறம்தான் அதற்குக் கேடு. ரசாயனக் கழிவு, ஜீன்ஸ் சலவைச் சாயம், ஊர்ச் சாக்கடை. நீலமாக ஓடி நான் பார்த்திருக்கிறேன், சிவப்பாகவும் பார்த்திருக்கிறேன். 2014 நவம்பர் கடைசியில் யாரோ இரவில் கொட்டிய கழிவிலிருந்து கிளம்பிய வாயுவில் நூற்றுக்கணக்கானவர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். அன்று ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா அப்போது படுக்கையில் இருந்தாள். “மாவிளக்கு விட்ட தண்ணியாட்டி இது?” என்று கேட்டாள்.

புதிதாகக் குடிவந்தவர்களும் பிள்ளைகளும் அதை ‘நாலா’ என்கிறார்கள். சாக்கடைக்கு இங்கே வழங்கும் பெயர் அது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் ஆற்றைப் பார்த்ததே இல்லை. பார்த்தவர்கள் நாம்தான். அம்பர்நாத், உல்லாஸ்நகர், கல்யாண் பக்கம் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வந்து இறங்கிய தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் வீடு எந்த கேம்ப், எங்கே குளித்தீர்கள், என்ன மீன் பிடித்தீர்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். உங்கள் பேரப்பிள்ளை வால்துனியை நாலா என்று சொன்னால், ஆறு என்று திருத்துங்கள்.